மேட்டு நிலமும் நல்ல நீரும்

ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் எடுக்கும் முடிவுகளுள், பின்னாளில் திருத்திக்கொள்ள மிகவும் கடினமானது எங்கே குடியிருப்பது என்னும் முடிவே ஆகும். சேமிப்பு முழுவதும் மனையில் முடங்கிவிடுகிறது. வங்கிக் கடன் இருபது ஆண்டுகள் வரை தொடர்கிறது. பிள்ளைகளின் பள்ளியும் முதியவர்களின் மருத்துவரும் அக்கம்பக்கத்து உறவும் அந்த இடத்தைச் சுற்றியே அமைந்துவிடுகின்றன. இத்தனை நீண்ட விளைவுகளை உடைய முடிவு பெரும்பாலும் மண் காய்ந்து கிடக்கும் கோடையில், ஒரு விடுமுறை நாளின் முற்பகலில், மனைப்பிரிவின் வண்ண வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கப்படுகிறது. விலை, அலுவலகத்துக்குள்ள தொலைவு, சாலையின் அகலம், வாசல் பார்க்கும் திசை ஆகியவை விசாரிக்கப்படுகின்றன. நிலத்தின் உயரமும் நீரின் போக்கும் விசாரிக்கப்படுவதில்லை.

ஓரிடத்தின் இயல்புகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். சாலை, பேருந்து, பள்ளி, கடைத்தெரு போன்றவை மனித முயற்சியால் காலப்போக்கில் வந்துசேரக்கூடியவை. இன்று இல்லாவிட்டாலும் பத்து ஆண்டுகளில் வரலாம். தரையின் ஏற்ற இறக்கம், மழைநீர் வழிந்தோடும் திசை, மண்ணின் தன்மை, அதன் அடியில் உள்ள பாறை ஆகியவை அவ்வாறு மாறக்கூடியவை அல்ல. எனவே மாறாதவற்றை முதலில் பார்த்துவிட்டு, மாறக்கூடியவற்றை அடுத்துப் பார்ப்பதே முறையான வரிசையாகும். இன்றைய நடைமுறையில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது. அதன் விளைவுகளைத் தெளிவாகக் காட்டும் நிலப்பகுதி சென்னையும் அதன் தெற்கு, மேற்குப் புறநகர்களும் ஆகும் என்பதால், இக்கட்டுரை பெரிதும் அப்பகுதியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

தமிழ் மரபில் ஊர் என்பது நிலத்தின் இயல்பிலிருந்தே பெயர் பெற்றது. இலக்கண நூலார் மலைநிலத்துக் குடியிருப்பைக் குறிச்சி என்றும், காட்டுநிலத்துக் குடியிருப்பைப் பாடி என்றும், கடற்கரைக் குடியிருப்பைப் பாக்கம், பட்டினம் என்றும் பிரித்து வழங்கினர். வயல்சூழ்ந்த ஊர்களில் வீடுகள் கட்டப்பட்ட பகுதிக்கு நத்தம் என்று பெயர். சோழர் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தமும் குளமும் வாய்க்காலும் சுடுகாடும் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. இன்றைய வருவாய்த்துறைப் பதிவேடுகளிலும் நத்தம் என்னும் வகைப்பாடு அப்படியே வழக்கில் இருக்கிறது. நத்தம் பெரும்பாலும் ஊரின் மேட்டுப் பகுதியாகவே அமைந்தது. நீர் பாயக்கூடிய தாழ்ந்த நிலம் பயிருக்கும், நீர் ஏறாத உயர்ந்த நிலம் வீட்டுக்கும் என்பது உழவரின் கணக்கு. விளையும் நிலத்தை வீடுகட்டி வீணாக்கக்கூடாது என்னும் சிக்கனமும், விளைச்சலுக்கு வேண்டிய வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிடக்கூடாது என்னும் எச்சரிக்கையும் அந்த ஒரே கணக்கில் அடங்கியிருந்தன.

இந்த ஒழுங்கைப் பாராட்டும்போதே அதன் அநீதியையும் சொல்லியாக வேண்டும். மேட்டு நிலம் ஊரார் அனைவருக்கும் கிடைக்கவில்லை. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்நத்தத்தையும் பறைச்சேரியையும் தனித்தனியே குறிப்பிடுகின்றன. பல ஊர்களில் இன்றும் ஊர்த் தெரு உயரத்திலும், ஒடுக்கப்பட்டோர் வாழும் பகுதி வயலை ஒட்டிய பள்ளத்திலும் இருப்பதை மழைக்காலத்தில் எவரும் காணலாம். நல்ல இடம் எது என்பதை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு, அதை யாருக்கு மறுத்தனர் என்பதும் ஒரு சான்றாக நிற்கிறது.

வட தமிழகத்தில் குடியிருப்பின் பாதுகாப்பைப் புரிந்துகொள்ள ஏரி இயங்கும் முறையை அறிய வேண்டும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவற்றுள் பெரும்பாலானவை மனிதர் அமைத்தவை. சரிந்து செல்லும் நிலத்தின் குறுக்கே பிறைவடிவில் மண்கரை எழுப்பி, மேலிருந்து வரும் மழைநீரைத் தேக்குவதே ஏரி. நீரைக் கொண்டுவரும் வழி வரத்துக்கால். வயலுக்குத் திறந்துவிடும் வாயில் மதகு. அவ்வாறு பாசனம் பெறும் வயல்பரப்பு ஆயக்கட்டு. ஏரி நிறைந்தபின் மிகுநீர் தானாக வழிந்து வெளியேறும் தாழ்ந்த கற்கட்டு கலங்கல். கலங்கலிலிருந்து புறப்படும் நீர் அடுத்த ஏரியின் வரத்துக்காலில் சேரும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு மேலிருந்து கீழாகக் கோத்த மணிகளைப் போல் அமைந்தவை சங்கிலித்தொடர் ஏரிகள் எனப்படுகின்றன. பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம் என்று புகழ்பெற்றது இத்தகைய தொடர்களால்தான்.

இந்த அமைப்பில் வீடு கட்டக்கூடாத இடங்கள் எவை என்பது எளிதில் விளங்கும். ஏரியின் உட்புறம் கூடாது என்பதை அனைவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் கலங்கலுக்கு நேர் கீழே உள்ள நிலமும், மிகுநீர்க் கால்வாயின் இருகரையும், இரண்டு ஏரிகளுக்கு இடைப்பட்ட தாழ்வான ஆயக்கட்டும் அதே அளவுக்கு இடர் நிறைந்தவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆயக்கட்டு நிலம் பட்டா உள்ள தனியார் நிலம். அதை வாங்குவதில் சட்டச் சிக்கல் இல்லாமல் இருக்கலாம். முறையான அனுமதியும் பெற்றிருக்கலாம். ஆயினும் அது நீர் பாய்வதற்கென்றே தாழ்வாக அமைந்த நிலம். பத்திரம் செல்லும் என்பதும் நிலம் தாங்கும் என்பதும் வேறு வேறு கேள்விகள். முன்னதற்கு வழக்கறிஞர் விடை தருவார், பின்னதற்கு நிலத்தைத்தான் கேட்க வேண்டும்.

சென்னை கடல் மட்டத்திலிருந்து சராசரியாக 7 மீட்டர் உயரம்கூட இல்லாத தட்டையான கரையோர நகரம். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நகரில், அதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாள்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு ஆகிய மூன்று ஆறுகளும், அவற்றைக் குறுக்கே இணைக்கும் பக்கிங்காம் கால்வாயும் அந்நீரைக் கடலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தெற்கே உள்ள பகுதியின் வடிகால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஆகும். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழையும், முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் மிகுநீரும் இச்சதுப்பில் வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, முட்டுக்காட்டை ஒட்டிய கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. ஒருகாலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த சதுப்பில் குப்பைக்கிடங்கும் சாலைகளும் அடுக்குமாடிகளும் போக இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. அது 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 செண்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அதனுடன் நிறைந்து வழிந்த நூற்றுக்கணக்கான சிறிய ஏரிகளின் நீரும் அடையாற்றில் சேர்ந்தது. முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் ஆகிய கரையோரப் பகுதிகளில் முதல் தளம் வரை நீர் ஏறிய வீடுகள் உண்டு. ஆற்றைவிட்டு விலகியிருந்த வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியதற்குக் காரணம் வேறு. அவை சதுப்பை நோக்கி வரும் நீரின் வழியில் நிற்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் இப்பகுதிகளில் பல நீரில் நின்றன. வெள்ளம் புதிய இடங்களைத் தேடிச் செல்வதில்லை. முன்பு சென்ற இடத்துக்கே செல்கிறது.

நிலத்தின் பழைய இயல்பை அறிய வழிகள் உள்ளன. அவற்றுக்குப் பெரும் செலவும் ஆவதில்லை. முதலாவது, இந்திய நில அளவைத் துறையின் இடவிளக்க வரைபடம். ஓரிடத்தின் மேடு பள்ளங்களைச் சம உயரக் கோடுகளாலும், ஏரி, ஓடை, கால்வாய் ஆகியவற்றை நீல நிறத்தாலும் காட்டும் வரைபடம் இது. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி 1802-இல் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளந்துதான் தொடங்கிற்று. அந்த மலையைச் சுற்றியுள்ள புறநகர்களிலேயே இன்று அளவை வரைபடத்தைப் பாராமல் மனை வாங்கப்படுவது வருத்தத்துக்குரியது. புதிய வரைபடத்தைவிடப் பழைய பதிப்பு பயன்மிக்கது. நகரம் மூடி மறைத்த ஓடை அதில் திறந்தே கிடக்கும்.

இரண்டாவது, கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் உள்ள அ-பதிவேடு. ஒவ்வொரு புல எண்ணும் நன்செய், புன்செய், நத்தம், நீர்நிலைப் புறம்போக்கு என எவ்வாறு வகைப்படுத்தப்பட்டது என்பதை இப்பதிவேடு சொல்கிறது. வில்லங்கச் சான்று உரிமையாளர் மாறிய வரலாற்றைக் காட்டுமேயன்றி நிலத்தின் இயல்பைக் காட்டாது. பலர் அதோடு நின்றுவிடுகின்றனர். வாங்கவிருக்கும் மனையை மட்டும் பார்த்தல் போதாது. சுற்றியுள்ள எண்கள் ஏரி, வாய்க்கால், தாங்கல், ஓடை என்று பதிவாகியுள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஊர்ப்பெயர்களும் ஓரளவு உதவும். தாங்கல் என்பது சிற்றேரியைக் குறிக்கும் சொல். 1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியை மூடித்தான் தியாகராய நகர் எழுந்தது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஒரு பழைய ஏரிப்படுகையிலேயே. லேக் வியூ சாலை, டேங்க் பண்ட் சாலை என்னும் தெருப்பெயர்கள் மட்டும் அந்த நீரை நினைவூட்டுகின்றன. எனினும் பெயரை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது. ஏரியின் பெயரைத் தாங்கிய ஊரின் நத்தம் மேட்டிலும், இனிய பெயர் சூட்டப்பட்ட புதிய நகர் பள்ளத்திலும் இருக்கக்கூடும்.

மூன்றாவது வழி கண்ணால் காண்பது. பழைய வீடுகளின் வாசற்படி எத்தனை உயரத்தில் தொடங்குகிறது, மதிற்சுவரில் நீர்க்கறை எந்த அளவில் நிற்கிறது, காலி மனைகளில் கோரையும் சம்பும் வளர்ந்துள்ளனவா என்பவை எழுதப்படாத ஆவணங்கள். அப்பகுதியில் நெடுங்காலம் கடைவைத்திருப்பவரும் ஆட்டோ ஓட்டுநரும் பால் போடுபவரும் எந்தத் தெருவில் எத்தனை நாள் நீர் நின்றது என்பதைத் துல்லியமாகச் சொல்வர். மண் கொட்டி உயர்த்திக்கொள்ளலாம் என்னும் வாதத்தை நம்புவது நல்லதன்று. ஒரு மனையை உயர்த்தினால் நீர் பக்கத்து வீட்டுக்குச் செல்லும். பக்கத்து வீட்டார் உயர்த்தினால் திரும்ப வரும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய சாலை போடும் ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்து, இருபது ஆண்டுகளில் மேடாயிருந்த வீடும் குழியாகிவிடும்.

வெள்ளத்துக்குத் தப்பிய இடம் நல்ல இடமாகிவிடாது; குடிக்க நீர் வேண்டும். திருக்குறளின் நாடு என்னும் அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர் ஒரு நாட்டுக்கு வேண்டிய நீரைக் கீழ்நீர் என்றும் மேல்நீர் என்றும் பிரித்துக் கூறுகிறார். இன்றைய நிலவியலாளரும் நிலத்தடி நீர், மேற்பரப்பு நீர் என்றே பிரிக்கின்றனர். இரண்டும் உள்ளதா என்று கேட்பதே குடியேறுவோரின் அடுத்த கடமை. சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரைப் பகுதிகளில் மணற்படுகை மழைநீரை எளிதில் உறிஞ்சி, குறைந்த ஆழத்திலேயே நன்னீரைத் தருகிறது; ஆனால் அளவுக்கு மீறி இறைத்தால் நன்னீரின் இடத்தில் கடல்நீர் உட்புகும். நகருக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நேர்ந்தது இதுவே. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளின் அடியில் இருப்பது சார்னோக்கைட் என்னும் கடும்பாறை; அதில் வெடிப்புகள் உள்ள இடத்தில் மட்டுமே நீர் ஓடும் என்பதால், ஒரு வீட்டின் ஆழ்துளைக் கிணற்றில் நீர் இருக்க, அடுத்த வீட்டில் புழுதி வரக்கூடும். களிமண் பகுதிகளில் மழைநீர் மேலேயே நிற்கும், கீழே இறங்காது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம்; எனினும் அதன் பயன் மண்ணைப் பொறுத்தே அமையும்.

மண்ணைச் சோதிக்க மனைநூல் மரபில் ஒரு வழி சொல்லப்பட்டுள்ளது. ஒரு முழ அளவு குழிதோண்டி, எடுத்த மண்ணை அதிலேயே நிரப்ப வேண்டும். மண் மிஞ்சினால் நல்ல நிலம், சரியாக இருந்தால் நடுத்தரம், குறைந்தால் ஆகாத நிலம் என்று மயமதம் முதலிய நூல்கள் கூறும். இறுகிய மண் பளுவைத் தாங்கும், தளர்ந்த மண்ணில் அடித்தளம் இறங்கும் என்னும் பொறியியல் உண்மை இச்சோதனையில் அடங்கியுள்ளது. வாசற்படியின் திசைக்காகப் பெருந்தொகை செலவிடுவோர் அதே மரபு கற்றுத்தந்த மண் சோதனையைக் கைவிட்டுவிட்டனர். கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும்; அதில் சாதாரண அடித்தளம் போட்டால் சுவர் விரிசல்விடும். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு வீட்டுச் செலவில் மிகச் சிறு பங்கே.

2015-இல் மூழ்கிய நகரம் 2019 கோடையில் நீரின்றித் தவித்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் ரயிலில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. ஆகவே மனை பார்க்கச் செல்வோர் கார்த்திகையில் நீர் நிற்கிறதா என்று மட்டும் கேட்காமல், வைகாசியில் தண்ணீர் லாரி வருகிறதா, வாரத்துக்கு எத்தனை முறை வருகிறது என்றும் கேட்க வேண்டும். நீரின் தரமும் இடத்துக்கு இடம் மாறும். கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்புடையது. வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 வரை அனுமதிக்கப்படுகிறது என இந்தியத் தர நிர்ணயம் வரையறுக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு பற்களையும் எலும்புகளையும் பாதித்ததாலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது.

ஓய்வுபெற்றபின் மலையில் குடியேறும் விருப்பம் இப்போது பெருகிவருகிறது. குளிர்ந்த காற்று உண்மைதான். ஆனால் மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த மனை, கனமழையில் மண்ணின் பிடிப்பு தளரும்போது மிகவும் ஆபத்தானது. 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 டிசம்பரில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் ஒரே சரிவில் ஏழு பேர் மண்ணில் புதையுண்டனர். மேடு என்பதற்காக எல்லா மேடும் நல்லதாகிவிடாது. மெல்லச் சரியும் உறுதியான மேடே குடியிருப்புக்கு உரியது.

இவற்றுக்கு அடுத்தபடியாகவே பயணமும் மருத்துவமும் வரும். இத்தாலிய அறிஞர் செசாரே மார்க்கெட்டி, எக்காலத்திலும் மனிதர் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்தையே பயணத்துக்குச் செலவிடுகின்றனர் என்று 1994-இல் எழுதினார். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியபின் பல்லாவரமும் குரோம்பேட்டையும் வளர்ந்ததை இக்கருத்தால் விளக்கலாம். தொலைவைக் கிலோமீட்டரில் அளப்பதைவிட, வேலைநாள் காலையில் ஆகும் நிமிடங்களில் அளப்பது பொருத்தம். முதியோர் உள்ள வீட்டுக்கு மருத்துவமனையின் அண்மை இன்றியமையாதது. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தப்பட வேண்டும் என்பதே அதற்குப் போதிய காரணம்.

வாங்கும் முன் அதே பகுதியில் ஓர் ஆண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது எல்லாச் சோதனைகளிலும் சிறந்தது. ஓர் ஐப்பசி கார்த்திகையும் ஒரு சித்திரை வைகாசியும் கடந்தபின் அந்த நிலம் தன்னைப் பற்றி மறைப்பதற்கு எதுவும் இராது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகையையே முன்பணத்தின் உச்சமாக வைத்திருப்பதால், இச்சோதனைக்கு வேண்டிய தொகையும் முன்பைவிடக் குறையக்கூடும்.

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாதவர்களும் இருக்கின்றனர். கூவம், அடையாறு கரைகளிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்டன. ஆற்றங்கரை ஆபத்தானது என்று சொல்லி அகற்றப்பட்டவர்களுக்குத் தரப்பட்டது பள்ளிக்கரணைச் சதுப்பையும் அதன் வடிகாலையும் ஒட்டிய தாழ்நிலம். பெருமழைதோறும் அங்கும் நீர் சூழ்கிறது. பழைய ஊர்களில் சேரிக்குப் பள்ளத்தை ஒதுக்கிய வழக்கத்துக்கும் இதற்கும் விளைவில் வேறுபாடு இல்லை. தனிமனிதர் வரைபடம் பார்த்துத் தம் வீட்டைக் காத்துக்கொள்ளலாம். குடியமர்த்தப்படுபவருக்காக அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டியது அரசின் பொறுப்பு. இனி கட்டப்படும் ஒவ்வொரு மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கும் மேட்டு நிலம்தான் ஒதுக்கப்பட வேண்டும்.